எந்த அடுக்குத் தண்ணீர்?
நிலத்தடி நீர்: வாசகர் கேள்வி – பதில்

போர், பில்டர் பாயிண்ட் (ஆழமில்லாத மணலில் இறக்கி, தரைமேல் நிற்கும் மோட்டாரால் உறிஞ்சும் குழாய்), தண்ணீர்ச் சுத்திகரிப்பு பற்றி டெல்டா மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

*

கேள்வி: எங்கள் மனையில் வீட்டுக்கும் இருபது தென்னைக்குமாக ஒரு போர் போட வேண்டும். பக்கத்து வீட்டுப் போரில் நல்ல தண்ணீர். தெருவுக்கு அந்தப் பக்கம் போட்டவருக்கோ வாயில் வைக்க முடியாத உப்பு. கருவி வைத்துப் பார்ப்பவர் ஒருவர் வருகிறேன் என்கிறார். அந்தச் செலவு தேவையா?
– வாசகர், தலைஞாயிறு

பதில்: தேவை. ஆனால் அதோடு வேலை முடிந்துவிடாது.

பாறை நிலத்தில் தண்ணீர் இருக்கிறதா என்று தேட வேண்டும். காவிரியின் வண்டல் நிலத்தில் எங்கே துளை போட்டாலும் தண்ணீர் வரும். மணலும் களிமண்ணும் மாறிமாறி அடுக்காகக் கிடக்கின்றன. ஒவ்வொரு மணல் அடுக்கிலும் தண்ணீர் உண்டு. ஒன்றில் நல்லது, அடுத்ததில் உப்பு, அதற்கும் கீழே மறுபடி நல்லது என்று இருக்கலாம். கடலோரம் போகப்போக உப்பு அடுக்குகள் கூடும். உங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் வேறு வேறு தண்ணீர் வருவதற்கு, பெரும்பாலும் இரண்டு பைப்பும் வேறு வேறு அடுக்கைத் தொடுவதுதான் காரணம். அல்லது எதிர்வீட்டில் உப்பு அடுக்கை அடைக்காமல் விட்டிருப்பார்கள்.

அவர் கொண்டுவரும் மின்தடைக் கருவி வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் ஏமாற மாட்டீர்கள். வெளியே இரண்டு கம்பி அடித்து மின்சாரம் விடுவார்கள். உள்ளே இரண்டு கம்பியில் மின்னழுத்தத்தை அளப்பார்கள். வெளிக்கம்பிகளைத் தள்ளித்தள்ளி அடிக்க அடிக்க, அளவு ஆழமான மண்ணைக் காட்டும். நல்ல தண்ணீர் நிற்கும் மணல் ஏறத்தாழ 20 ஓம் மீட்டருக்கு மேல் காட்டும். களிமண் 5 முதல் 15 வரை. உப்புத் தண்ணீர் மணல் பெரும்பாலும் 5-க்கும் கீழே. இதில் ஒரு சிக்கல்: களிமண்ணும் கொஞ்சம் சவர்த் தண்ணீர் கலந்த மணலும் ஒரே எண்ணைக் காட்டலாம். அதனால் கடலோரத்தில் கருவி மட்டும் வைத்து ‘இத்தனை அடியில் நல்ல தண்ணீர்’ என்று உறுதி சொல்ல முடியாது. சொல்பவரிடம் கொஞ்சம் கவனமாக இருங்கள்.

வருபவரிடம் மூன்று விஷயம் கேளுங்கள். ஒன்று, உங்கள் இடத்தில் அளப்பதற்கு முன் பக்கத்து வீட்டு நல்ல போருக்குப் பக்கத்திலேயே ஒரு முறை அளக்கச் சொல்லுங்கள். ஆழம், மண் எல்லாம் தெரிந்த இடத்தில் கருவி என்ன காட்டுகிறது என்று பார்த்துவிட்டு, அந்த அளவுகளை வரைந்த கோட்டோடு உங்கள் இடத்துக் கோட்டை ஒப்பிட்டால்தான் அர்த்தம் வரும். இரண்டு, கம்பி போகும் மொத்த நீளம் பார்க்க வேண்டிய ஆழத்தைப் போல நாலு முதல் ஆறு மடங்கு இருக்க வேண்டும். 200 அடி வரை பார்க்க 800 அடிக்குக் குறையாத நீளம் வேண்டும். மனைக்குள்ளேயே 100 அடி கம்பி இழுத்துவிட்டு 300 அடி வரை பார்த்தேன் என்றால் நம்பாதீர்கள். தெரு நெடுக அல்லது அறுவடை முடிந்த வயலில் இழுக்கலாம். மின்கம்பி, இரும்பு வேலி, தண்ணீர் ஓடும் வாய்க்கால் இவற்றுக்கு இணையாக இழுக்கக் கூடாது. மூன்று, வயலில் எழுதிய அளவுத் தாளையும் கோட்டையும் கையில் கொடுக்க வேண்டும். ‘180-ல் பைப் நிறுத்துங்க’ என்ற வாய்வார்த்தை போதாது. பார்ப்பவரும் போர் போடுபவரும் ஒரே ஆளாக இல்லாமல் இருப்பது நல்லது. விவசாயிகளுக்கு வேளாண் பொறியியல் துறையிலும் கட்டணத்துக்கு இந்த ஆய்வைச் செய்து தருகிறார்கள்.

உங்கள் பகுதியில் பணத்தை நிஜமாகக் காப்பாற்றுவது அடுத்த வேலைதான். துளை போட்டு முடித்ததும், பைப் இறக்குவதற்கு முன், துளைக்குள் மின் லாகிங் செய்யுங்கள். சேறு நிரம்பிய துளைக்குள் ஒரு கருவியைக் கேபிளில் கட்டி இறக்கி, அடிக்கு அடி மண்ணும் தண்ணீரும் என்ன என்று வரைந்துவிடுவார்கள். நல்ல மணல் எது, உப்பு மணல் எது என்று அங்கேதான் தெளிவாகப் பிரியும். துளை சரிந்துவிடும் என்பதால் தோண்டிய கையோடு செய்ய வேண்டும். ஆளை முன்கூட்டியே சொல்லி வையுங்கள். துளை போட உப்பங்கழித் தண்ணீரில் சேறு கரைத்து ஊற்றினால் லாகிங் முழுக்கத் தப்பாகும். நல்ல தண்ணீர் டேங்கர் ஒன்று வாங்கியாவது ஊற்றச் சொல்லுங்கள்.

தோண்டும்போது 10 அடிக்கு ஒரு பிடி மண்ணெடுத்து, சாக்கில் வரிசையாக வைத்து, அடி எழுதி வையுங்கள். லாகிங் கோடும் இந்த மண்ணும் சேர்ந்துதான் ஸ்லாட் பைப் (தண்ணீர் உள்ளே வரக் கீறல் போட்ட பைப்) எங்கே வர வேண்டும் என்று சொல்லும்.

பிறகு அடைப்பு. 180 அடியில் நல்ல மணல், 90 அடியில் உப்பு மணல் என்று வைத்துக்கொள்வோம். ஸ்லாட் பைப் நல்ல மணலுக்கு நேரே மட்டும். அதைச் சுற்றிக் கூழாங்கல். ஸ்லாட்டுக்கு மேல் ஒரு 10 அடி வரை அது போதும். அதற்கு மேலே, இரண்டு மணலுக்கும் நடுவே இருக்கும் களிமண் அடுக்குக்கு நேராக, 10 முதல் 15 அடிக்குப் பெண்டோனைட் (தண்ணீர் பட்டால் ஊதி அடைக்கும் களிமண்) உருண்டை அல்லது சிமென்ட் பால் போட்டு அடைக்க வேண்டும். நடைமுறையில் பலர் செய்வது, கீழிருந்து தரைமட்டம் வரை ஒரே மூச்சாகக் கூழாங்கல்லைக் கொட்டிவிடுவது. அது மேலே இருக்கும் உப்புத் தண்ணீருக்குக் கீழே இறங்க நேர்வழி போட்டுக் கொடுக்கிறது. முதல் வருஷம் நல்ல தண்ணீர், இரண்டாம் வருஷம் சவர், மூன்றாம் வருஷம் உப்பு என்று போகிற போர்களில் முதலில் இதைத்தான் சந்தேகப்பட வேண்டும். நல்ல மணலைத் தாண்டி உப்பு அடுக்கு வரை தோண்டிவிட்டால், அந்த அதிகப்படி ஆழத்தையும் அடியிலிருந்து சிமென்ட் போட்டு மூடிவிட்டுத்தான் பைப் இறக்க வேண்டும்.

வேதாரண்யம் பக்கத்து மணல்மேடுகளில் கதை தலைகீழ். அங்கே மழைத் தண்ணீர் மேலே மெல்லிசாக நிற்கும், உப்பு கீழே. நல்ல தண்ணீர் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நின்றால், கீழே சுமார் 40 அடி வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இறைத்து அந்த 1 அடியைக் குறைத்தால் உப்பு அந்த 40 அடியும் மேலே ஏறத் தொடங்கும். அங்கே ஆழம் போகக் கூடாது, பெரிய மோட்டாரும் கூடாது. ஆழமில்லாத இரண்டு மூன்று பாயிண்ட், அரை குதிரைத்திறன் மோட்டார், விட்டுவிட்டு இறைப்பு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் தெருவே கெட்டுவிடும்.

*

கேள்வி: தேங்காய், வேப்பங்குச்சி வைத்து நீரோட்டம் பார்ப்பது சரியா?
– வாசகர், பேராவூரணி

பதில்: டெல்டாவில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வருவதால் பார்ப்பவர் சொன்ன இடத்திலும் வருகிறது, அதை வைத்து முறை சரி என்று சொல்ல முடியாது. அந்தத் தண்ணீர் உப்பா நல்லதா, எத்தனையாவது அடியில் என்று தேங்காய் சொல்லாது. உங்களுக்குத் தெரிய வேண்டியதே அதுதான்.

*

கேள்வி: எட்டு மாதம் முன் 200 அடிக்கு 7 அங்குல போர் போட்டோம். 7.5 குதிரைத்திறன் சப்மெர்சிபிள். ஆரம்பத்திலிருந்தே மணல் வருகிறது. மோட்டாரைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே இம்பெல்லர் தேய்ந்து போயிருக்கிறது. போர்க்காரர் ‘ஓட ஓடச் சரியாகும்’ என்கிறார்.
– வாசகர், மன்னார்குடி

பதில்: எட்டு மாதம் ஓடியும் சரியாகாதது இனித் தானாகச் சரியாகாது. முதலில் எப்படி மணல் வருகிறது என்று பாருங்கள். மோட்டார் போட்ட முதல் நிமிஷத்தில் ஒரு வெள்ளை பக்கெட்டில் 20 லிட்டர் பிடியுங்கள். அரை மணி நேரம் கழித்து இன்னொரு பக்கெட். இரண்டையும் சுழற்றிவிட்டுத் தெளிய விடுங்கள். முதல் பக்கெட்டில் மட்டும் நடுவில் கொஞ்சம் மணல் சேர்ந்து, இரண்டாவது சுத்தமாக இருந்தால் கவலை குறைவு. அடிக்கடி போட்டு நிறுத்தாமல் ஒரே தொடர்ச்சியாக ஓட்டினாலே பாதி குறையும். இரண்டாவது பக்கெட்டிலும் மணல் நின்றால் போரின் அமைப்பில் குறை இருக்கிறது.

காரணம் நாலு இடத்தில் இருக்கலாம். ஸ்லாட்டின் அகலம் உங்கள் மணலைவிடப் பெரிதாக இருப்பது ஒன்று. டெல்டாவின் நைஸ் மணலுக்கு 0.75 மி.மீ. ஸ்லாட் கேட்கும் இடத்தில் கடையில் கையிருப்பு என்று 1.5 மி.மீ. கொடுத்துவிடுவார்கள். இரண்டாவது, கூழாங்கல். 2 முதல் 4 மி.மீ. அளவில், கழுவிய, உருண்டையான கல் வேண்டும். கட்டட வேலைக்கு வாங்கும் 12 மி.மீ. உடைகல் ஜல்லியைக் கொட்டினால் அதன் இடுக்கில் மணல் தாராளமாக நுழையும். அளவும் முக்கியம். 10 அங்குலத் துளையில் 7 அங்குல பைப் நின்றால், சுற்றியுள்ள இடைவெளியை 60 அடிக்கு நிரப்ப சுமார் 16 கன அடி கூழாங்கல் பிடிக்கும். சிமென்ட் சாக்குக் கணக்கில் 13 சாக்கு. நாலைந்து சாக்கிலேயே நிரம்பிவிட்டது என்றால் கல் நடுவில் எங்கோ சிக்கிக்கொண்டு நிற்கிறது, அதற்குக் கீழே ஸ்லாட் வெறும் மணலோடு ஒட்டி நிற்கிறது என்று அர்த்தம். உங்கள் போருக்கு எத்தனை சாக்கு போனது என்று பில்லைப் பாருங்கள்.

மூன்றாவது, கம்ப்ரஸர் ஊதல். சேறு கலந்து தோண்டிய துளையைச் சுத்தம் செய்யாமல் மோட்டார் இறக்கக் கூடாது. ஒரு மணி நேரம் ஊதிவிட்டுத் தெளிந்தது என்று சொல்வார்கள். ஊதி, நிறுத்தி, தண்ணீர் திரும்ப இறங்க விட்டு, மறுபடி ஊத வேண்டும். இப்படி ஏறி இறங்கும்போதுதான் ஸ்லாட்டைச் சுற்றியிருக்கும் பொடி மணல் வெளியேறி, பெருமணல் வடிகட்டியாகப் படியும். ஒரே திசையில் ஊதினால் அது நடக்காது. இந்த வேலைக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள்.

நாலாவது, மோட்டார். ஸ்லாட்டுக்கு நேரே மோட்டாரைத் தொங்கவிட்டால் அந்த இடத்தில் மட்டும் வேகமாக இழுத்து மணலைக் கொண்டுவரும். மோட்டார் எப்போதும் கீறல் இல்லாத பிளெயின் பைப்புக்கு நேரே. தண்ணீர் தரும் அளவைவிடப் பெரிய மோட்டார் போட்டாலும் இதே கதிதான்.

இப்போது செய்ய வேண்டியது இந்த வரிசையில்: டெலிவரி பைப்பில் கேட் வால்வ் வைத்துத் தண்ணீரைக் குறையுங்கள், மணல் நிற்கிற அளவு எது என்று கண்டுபிடியுங்கள். அந்த அளவு உங்களுக்குப் போதுமென்றால் அதற்கேற்ற சிறிய மோட்டாராக மாற்றிவிடலாம், வேறு செலவில்லை. போதாதென்றால் மோட்டாரை ஸ்லாட்டுக்கு மேல் தூக்கிப் பாருங்கள். பிறகு கம்ப்ரஸர். அதற்கும் மசியாவிட்டால் உள்ளே 4 அல்லது 5 அங்குல நுண் ஸ்லாட் பைப் ஒன்றை இறக்கி, நடுவில் பொடிக் கூழாங்கல் போடலாம். தண்ணீர் குறையும், மோட்டாரும் சிறிதாக வேண்டும். போரைச் சுற்றி நிலம் உள்வாங்குவது போலத் தெரிந்தால் அன்றோடு இறைப்பை நிறுத்துங்கள். வெளியே வந்த மணல் விட்டுப்போன பள்ளத்தின் மேல்தான் நீங்கள் நிற்கிறீர்கள்.

இனி பைப் வாங்குபவர்களுக்கு: போர் பைப்புக்கு இந்தியத் தரம் ஐ.எஸ். 12818. அதில் 80 அடிக்கல்ல, 80 மீட்டர் வரைக்கு சி.எஸ்., அதற்கு மேல் 250 மீட்டர் வரை சி.எம். என்று வகை உண்டு. வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோகும் பி.வி.சி. பைப்பில் ஹேக்ஸா பிளேடால் கீறி ஸ்லாட் என்று இறக்குவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். கீறல் ஒரே அளவில் வராது, பைப்பும் அந்த இடத்தில் நசுங்கும்.

*

கேள்வி: பில்டர் பாயிண்ட் மோட்டார் ஏப்ரல் முடிந்தாலே தண்ணீர் விட்டுவிட்டு எடுக்கிறது, மே மாதம் சுத்தமாக நின்றுவிடுகிறது. குறுவை நாற்றங்காலுக்கு ஆற்றுத் தண்ணீரை நம்பி உட்கார முடியாது. 5-ஐ எடுத்துவிட்டு 7.5 குதிரைத்திறன் போடலாமா?
– வாசகர், பாபநாசம்

பதில்: போடாதீர்கள். தரைமேல் நிற்கும் மோட்டார் எத்தனை குதிரைத்திறனானாலும் தண்ணீரை உறிஞ்சுவது காற்றழுத்தத்தின் பலத்தால்தான். நடைமுறையில் 22 முதல் 25 அடிதான் எல்லை. பெரிய மோட்டார் வேகமாக இழுத்து உள்ளே நீர்மட்டத்தை இன்னும் கீழே தள்ளும், இன்னும் சீக்கிரம் காற்று வாங்கும்.

முதலில் காற்றுக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். மோட்டார் ஓடும்போது ஒவ்வொரு ஜாயிண்ட்டுக்கும் பக்கத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் கசிவு இருக்கும் இடத்தில் புகை உள்ளே இழுபடும். செக் வால்வின் ரப்பரையும் பாருங்கள். அது சரியென்றால், மோட்டாரை நிறுத்தி ஆறு மணி நேரம் கழித்து நூலில் ஒரு போல்ட் கட்டி நீர்மட்டத்தை அளங்கள். நிற்கும் மட்டமே 18 அடிக்குக் கீழே இருந்தால், ஓடும்போது அது 25-ஐத் தாண்டிவிடும்.

வழி மூன்று. 15–20 அடி இடைவெளியில் இன்னும் ஒன்றிரண்டு பாயிண்ட் இறக்கி ஒரே மோட்டாரோடு இணைத்தால், ஒவ்வொன்றிலும் இழுப்பு குறைந்து மட்டம் அதிகம் இறங்காது. மட்டம் எல்லையை ஒட்டி நிற்கும் இடங்களுக்கு இதுவே போதும், செலவும் குறைவு. இரண்டாவது, குழி வெட்டி உறை இறக்கி மோட்டாரை 8–10 அடி கீழே வைப்பது. பலர் செய்கிறார்கள். ஆனால் குழிக்குள் டீசல் இன்ஜினை வைத்து ஓட்டவே கூடாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, விளக்கு எரிவதைப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது. இறங்கியவரைத் தூக்க இறங்குபவரும் மயங்கி விழுவார். மின்மோட்டாராக இருந்தாலும் குழியில் தண்ணீர் ஊறினால் ஷாக் அடிக்கும், எர்த்தும் கசிவுத் தடை சுவிட்சும் கட்டாயம். மூன்றாவது, 7 அங்குல போர் போட்டு சப்மெர்சிபிள் இறக்குவது. பழைய 4 அங்குல பில்டர் பாயிண்ட்டுக்குள் விவசாயச் சப்மெர்சிபிள் நுழையாது என்பதால் புதிய துளைதான்.

மோட்டார் அளவை முடிவு செய்ய ஒரு கணக்கு. ஒரு ஏக்கரில், அதாவது மூன்று மாவில், 5 செ.மீ. தண்ணீர் கட்ட சுமார் 2 லட்சம் லிட்டர் வேண்டும். 200 லிட்டர் டிரம் 25 விநாடியில் நிரம்பினால் அது விநாடிக்கு 8 லிட்டர். ஏக்கருக்கு 7 மணி நேரம். உங்களிடம் எத்தனை மா, மின்சாரம் எத்தனை மணி நேரம் என்று பார்த்து அளவை முடிவு செய்யுங்கள்.

*

கேள்வி: குழாயில் வரும்போது கண்ணாடி மாதிரி இருக்கும் தண்ணீர், ஒரு மணி நேரத்தில் மஞ்சளாகி அடியில் காவி படிகிறது. வேட்டி, துண்டெல்லாம் செம்மண் நிறம். மேல்தொட்டியில் வழவழவென்று ஆரஞ்சு நிறப் பாசி. ஆர்.ஓ. மெஷினின் முதல் பில்டர் மாதா மாதம் அடைக்கிறது.
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: அம்மா, உங்கள் தண்ணீரில் கரைந்த இரும்பு இருக்கிறது, காற்று பட்டதும் துருவாக மாறிப் படிகிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் தாண்டினாலே துணியில் கறை விழும். தொட்டியில் வழவழப்பு இருப்பதால் இரும்புப் பாக்டீரியாவும் சேர்ந்திருக்கிறது. இதற்கு ஆர்.ஓ. மருந்தல்ல. இரும்பை எடுத்த பிறகுதான் ஆர்.ஓ.வே.

முதலில் பரிசோதனை. குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுங்கள். இரும்புக்குத் தனி பாட்டில், அதில் சில துளி அமிலம் விட்டுத் தருவார்கள், கேட்டு வாங்குங்கள். சாதாரண பாட்டிலில் எடுத்துப் போனால் போகும் வழியிலேயே இரும்பு பாட்டில் சுவரில் ஒட்டிக்கொண்டு, அறிக்கையில் குறைவாக வரும். கார அமில நிலை, கடினத்தன்மை, மாங்கனீசு மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டு அளவில் செய்யும் முறை இது. போர்த் தண்ணீர் தொட்டியில் விழுவதற்கு முன் மூன்று நாலு தட்டு வழியாக விழட்டும். ஒவ்வொரு தட்டிலும் அடியில் துளை, ஒரு சாண் உயரத்துக்குக் கரி அல்லது கூழாங்கல், தட்டுகளுக்கு நடுவே 1 அடி இடைவெளி. தண்ணீர் ஒழுகி விழ விழக் காற்றைப் பிடிக்கும். கீழே ஒரு தொட்டியில் இரண்டு முதல் நாலு மணி நேரம் நிற்கட்டும், காவி படியும். பிறகு மணல் வடிகட்டி: 2 அடி விட்டமுள்ள டிரம், அடியில் ஒரு அடி கூழாங்கல், மேலே இரண்டரை அடி கழுவிய மணல், 0.6 முதல் 1 மி.மீ. அளவு. மணிக்கு 1,000 லிட்டருக்கு மேல் ஓட விடாதீர்கள். வேகம் கூடினால் காவி மணலைத் தாண்டி வந்துவிடும். வாரம் ஒரு முறை கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். மேல் மணல் ஒட்டிக் கட்டியானால் இரண்டு அங்குலம் சுரண்டிப் புது மணல் போடுங்கள்.

தண்ணீரின் கார அமில நிலை 7-க்குக் கீழே இருந்தால் இரும்பு துருவாக மாறவே அதிக நேரம் எடுக்கும். அப்போது தட்டு ஒன்றில் சுண்ணாம்புக்கல் போடுங்கள். இந்த இடத்தில் கவனிக்காமல் விட்டுவிட்டு ‘வடிகட்டி சரியில்லை’ என்று மாற்றுகிறவர்கள் அதிகம்.

வழவழப்புக்கு போரையும் தொட்டியையும் சேர்த்துக் குளோரின் போட வேண்டும். அளவு இந்தப் பகுதியின் கடைசிப் பதிலில் இருக்கிறது. துணிக் கறைக்குப் பிளீச்சிங் பவுடர் போட்டால் துரு இன்னும் அழுத்தமாகப் பிடித்துக்கொள்ளும். எலுமிச்சைச் சாறு அல்லது சிட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துத் துவையுங்கள்.

*

கேள்வி: கடினத் தண்ணீருக்கு சாஃப்ட்னர் போடலாமா, ஆர்.ஓ. போடலாமா? காந்தம் மாட்டினாலே போதும் என்றும் ஒருவர் சொல்கிறார்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: குளிக்க, துவைக்க, ஹீட்டருக்கு என்றால் சாஃப்ட்னர். குடிக்க, அதுவும் கரைந்த உப்பு அதிகமாக இருந்தால் மட்டும் ஆர்.ஓ. லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கும் தண்ணீருக்கு ஆர்.ஓ. தேவையே இல்லை. காந்தத்தை மாட்டிய பிறகு கடினத்தன்மையை ஆய்வகத்தில் அளந்து பாருங்கள், எண் மாறியிருக்காது.

சாஃப்ட்னர் உப்பைக் குறைக்காது, சுண்ணாம்புக்குப் பதில் சோடியத்தை மாற்றிவைக்கும். 25 லிட்டர் ரெசின் (இந்த மாற்றத்தைச் செய்யும் சிறு மணிகள்) உள்ள மெஷின், கடினத்தன்மை லிட்டருக்கு 600 மில்லிகிராம் இருந்தால் சுமார் 2,000 லிட்டர் வரை தாங்கும். பிறகு 3–4 கிலோ உப்புப் போட்டுக் கழுவ வேண்டும். விற்பவர் வாரம் ஒரு முறை கழுவினால் போதும் என்றால், உங்கள் வீட்டுச் செலவையும் உங்கள் கடினத்தன்மையையும் வைத்து இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். இரும்பு இருந்தால் ரெசின் சீக்கிரம் கெடும். கழுவிய உப்புத் தண்ணீரைத் தென்னைக்கோ உறிஞ்சு குழிக்கோ விடாதீர்கள்.

*

கேள்வி: போர்த் தண்ணீர் பாய்ச்சும் வயலில் மண் காய்ந்ததும் மேலே வெள்ளையும் கறுப்புமாகத் தோல் பிடிக்கிறது. நாற்று வெளுத்து நிற்கிறது. ஆய்வறிக்கையில் மின்கடத்துதிறன் 1.6, ஆர்.எஸ்.சி. 4.0 என்று இருக்கிறது. இந்தத் தண்ணீரை விட்டுவிடுவதா?
– வாசகர், நீடாமங்கலம்

பதில்: விட வேண்டாம், ஜிப்சத்தோடு பயன்படுத்தலாம். மின்கடத்துதிறன் கரைந்த உப்பின் அளவைக் காட்டும், உங்களுக்கு உப்பு பெரிய பிரச்சினை இல்லை. மின்கடத்துதிறன் 2 வரை நெல் தாங்கும். பிரச்சினை பைகார்பனேட். அதைக் காட்டும் ஆர்.எஸ்.சி. (எஞ்சிய சோடியம் கார்பனேட்) 1.25-க்குள் நல்லது, 2.5-க்கு மேல் ஆகாது. பைகார்பனேட் மண்ணிலுள்ள சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு சோடியத்தை விட்டுவிடும். மண் இறுகும், தோல் பிடிக்கும், வேர் மூச்சு முட்டும்.

4-ஐ 2-க்குக் கொண்டுவர, 70 சதவீதத் தூய்மையுள்ள ஜிப்சம் என்றால் ஏக்கருக்கு ஒரு பாய்ச்சலுக்கு (5 செ.மீ.) சுமார் 50 கிலோ வேண்டும். குறுவையில் பத்து முறை போர்த் தண்ணீர் என்றால் 500 கிலோ. வாய்க்காலில் ஒரு தொட்டி கட்டி ஜிப்சம் மூட்டைகளை நனையவிட்டுத் தண்ணீரை அதன் வழியாக விடலாம். அது முடியாதவர்கள் மொத்தத்தையும் கடைசி உழவுக்கு முன் போட்டு, தண்ணீர் கட்டி, இரண்டு நாள் கழித்து வடித்துவிடலாம். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் போட்டுப் பலனில்லை, வெளியேற வேண்டிய சோடியம் அங்கேயே நிற்கும். ஆற்றுத் தண்ணீர் வரும் நாளில் இரண்டையும் கலந்து விட்டாலே பாதி பாரம் குறையும். நாற்று வெளுப்பது துத்தநாகக் குறை. ஏக்கருக்கு 10 கிலோ சிங்க் சல்பேட்டை மணலில் கலந்து நடவுக்கு முன் தூவுங்கள், டி.ஏ.பி.யோடு கலக்காதீர்கள்.

அறிக்கையை நம்ப மாதிரி சரியாக இருக்க வேண்டும்: மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, வாய் வரை நிரப்பி, ஒரு நாளுக்குள் கொடுங்கள்.

*

கேள்வி: மாடித் தண்ணீரை நேராக போருக்குள் விடலாமா?
– வாசகி, ஒரத்தநாடு

பதில்: ஓடும் போருக்குள் நேராக விடாதீர்கள், மாடிக் குப்பையும் பறவை எச்சமும் குடிக்கும் தண்ணீரில் கலக்கும், ஸ்லாட்டும் அடைக்கும். 1,000 சதுர அடி மாடியில் 10 செ.மீ. மழைக்கு 7,400 லிட்டர் கிடைக்கும். முதல் மழையை வெளியே விட்டு, மணல் வடிகட்டி வழியாக ஒரு தனிக் குழிக்கோ பழைய திறந்த கிணற்றுக்கோ விடுங்கள். உங்கள் செம்மண் பகுதியில் தண்ணீர் நன்றாக இறங்கும். வயல்வெளி ஊர்களில் கார்த்திகையில் நீர்மட்டம் 5 அடியில் நிற்கும்போது குழி வெட்டிப் பயனில்லை. அங்கே தொட்டி கட்டிச் சேமிப்பதுதான் சரி.

*

கேள்வி: தண்ணீர் கெட்டுப்போன பழைய போரை என்ன செய்வது? சாக்கு போட்டு மூடி வைத்திருக்கிறோம்.
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: சாக்கை நம்பி ஒரு நாள்கூட விடாதீர்கள். 2019 அக்டோபரில் மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் கைவிட்ட போரில் விழுந்த குழந்தையை யாராலும் காப்பாற்ற முடியவில்லை. இன்றைக்கே இரும்புத் தட்டை வெல்டு வைத்தோ போல்ட் முறுக்கியோ மூடுங்கள், பிறகு நிரப்புங்கள். கைவிட்ட போரை அடியிலிருந்து தரைமட்டம் வரை நிரப்ப வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2010-ல் சொல்லியிருக்கிறது.

உங்கள் ஊரில் இன்னொரு காரணமும் உண்டு. துருப்பிடித்த பழைய பைப் உப்பு அடுக்கையும் நல்ல அடுக்கையும் இணைத்துக்கொண்டே இருக்கும், பக்கத்துப் போர்களையும் கெடுக்கும். மோட்டாரையும் கேபிளையும் எடுத்துவிட்டு, ஸ்லாட் இருக்கும் உயரம் வரை கழுவிய மணலும் கூழாங்கல்லும், அதற்கு மேலே தரை வரை களிமண் உருண்டை அல்லது சிமென்ட் கலவை. 7 அங்குல பைப்புக்கு 200 அடியை நிரப்ப 46 கன அடி பிடிக்கும், அரை யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. மெதுவாகக் கொட்டி, ஒவ்வொரு சட்டிக்கும் பிறகு கயிற்றில் எடை கட்டி ஆழம் பாருங்கள். நடுவில் சிக்கினால் மேலே நிரம்பியது போல் தெரியும், உள்ளே வெற்றிடமாக இருக்கும். புது போர் போட ஊராட்சியில் அனுமதி வாங்கும்போது பழையதை மூடியதையும் பதிவு செய்துவிடுங்கள்.

*

கேள்வி: வெள்ளம் வடிந்த பிறகு போர்த் தண்ணீரில் நாற்றம் அடிக்கிறது. பிளீச்சிங் பவுடர் எவ்வளவு போடுவது?
– வாசகர், சீர்காழி

பதில்: மின்சாரத்தை முதலில் கவனியுங்கள். நனைந்த ஸ்டார்ட்டர் பெட்டியை எலக்ட்ரீஷியன் திறந்து காயவைத்து, கேபிளின் இன்சுலேஷனை அளந்த பிறகுதான் சுவிட்சைத் தொட வேண்டும். பிறகு கலங்கல் போகும்வரை தண்ணீரை இறைத்து வெளியே விடுங்கள்.

7 அங்குல போரில் ஒரு அடிக்கு 6.5 லிட்டர், 4 அங்குலத்தில் 2.4 லிட்டர் தண்ணீர் நிற்கும். 7 அங்குலத்தில் 100 அடி தண்ணீர் என்றால் 650 லிட்டர். அதற்கு 30 சதவீதக் குளோரின் உள்ள புதுப் பவுடர் சுமார் 215 கிராம். சுற்றியுள்ள கூழாங்கல்லிலும் தண்ணீர் இருப்பதால் இரண்டு மடங்காக 430 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். திறந்து வைத்த பழைய பாக்கெட் என்றால் வீரியம் போயிருக்கும். பிளாஸ்டிக் பக்கெட்டில் கரைத்து, அரை மணி நேரம் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிவை மட்டும் ஊற்றுங்கள். அடியில் நிற்கும் சுண்ணாம்புக் கசடு உள்ளே போனால் ஸ்லாட் அடைக்கும். மோட்டாரை ஓட்டி, ஹோஸ் வைத்து அதே தண்ணீரை போருக்குள்ளேயே அரை மணி நேரம் சுற்ற விடுங்கள். பிறகு ஒவ்வொரு குழாயிலும் குளோரின் வாசனை வரும் வரை திறந்து மூடுங்கள். 12 முதல் 24 மணி நேரம் அப்படியே விட்டு, வாசனை போகும் வரை இறைத்து வெளியேற்றுங்கள். மீன் குட்டையிலோ வயலிலோ விட வேண்டாம். இரும்பு உள்ள போர் என்றால் இந்தத் தண்ணீர் காவியாகவோ கறுப்பாகவோ வரும், பயப்பட வேண்டாம்.

ஒரு வாரம் கழித்து, கொதிக்கவைத்து ஆறிய மூடியுள்ள பாட்டிலில் பாக்டீரியாப் பரிசோதனைக்குக் கொடுங்கள். 100 மில்லிலிட்டரில் ஈ. கோலி ஒன்றுகூட இருக்கக் கூடாது. அறிக்கை வரும்வரை குடிக்கும் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள். மறுபடியும் வந்தால் குளோரினைக் கூட்டிப் பலனில்லை. பைப்பின் தலை வெள்ளம் நின்ற கோட்டுக்கு 2 அடி மேலே இருக்கிறதா, பைப்பைச் சுற்றிய சிமென்ட் மேடை விரிசல் விட்டிருக்கிறதா, கழிவறைக் குழி எத்தனை அடியில் இருக்கிறது என்று பாருங்கள்.